நூற்று நாற்பத்து மூன்று பக்கமும் ஒரு வரியும்

என் அருமைப் பேத்திக்கு, உன் அப்பாவைப் பெற்றவளும், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளும், அதில் இரண்டு வருடம் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவளுமான உன் பாட்டி ஆசி சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலையை ஈரத்தோடு முடிந்துகொண்டு ஓடாமல் இருக்கிறாயா என்றெல்லாம் கேட்கவேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் உன் அப்பாவுக்குப் போன் செய்து, “ஆராய்ச்சியெல்லாம் போதும், விட்டுட்டு வந்துடறேன், ஏன்னு யாரும் கேக்காதீங்க” என்றாயாம். அவன் கேட்கவில்லை. உன் அம்மாவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டுவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், கோபிக்காமல் படி.

அந்தப் போனுக்கும் ஒரு மாதம் முன்னால் நீ எழுதிய கடிதத்தில், உன் கட்டுரையைக் கம்ப்யூட்டர் களஞ்சியம் ஒன்றில் ஏற்றியாகிவிட்டது, இந்த எண்ணைக் கொடுத்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று எழுதியிருந்தாய். உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்றால் நானும் அதில் சேர்த்திதானே? மறுநாளே அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடிக்கும் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரும் டெலிபோன் கம்பியும் வைத்திருக்கிறாள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். “பாட்டி, இது மனு இல்ல, ஆராய்ச்சி. உங்களுக்கு எதுக்கு?” என்றாள். “படிக்கத்தான், பின்னே பொட்டலம் கட்டவா?” என்றேன். கோப்பு கம்பி வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. முக்கால்வாசி வந்தபோது யாரோ ஒரு வக்கீல் போன் செய்ய, எல்லாம் அறுந்து மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை இப்படி. நாலாம் தடவைக்கு முன் அவள் எரிச்சலில் அந்த வக்கீலுக்கே போன் போட்டு, “இனிமே நேர்லயே வாங்க” என்று சொல்லிவிட்டாள். பிறகு அந்த ஊசி பிரிண்டர் தகரத்தை அறுப்பதுபோலக் கத்திக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. துளை போட்ட விளிம்போடு ஒன்றோடொன்று ஒட்டிய காகிதம், மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பக்கம். வீட்டில் விரித்துப் பார்த்தேன், கூடத்தில் தொடங்கி அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை போனது. என் பேத்தி எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று மலைத்து நின்றேன்.

எல்லாம் எண்களும் அடைப்புக்குறிகளும்தான். கணக்கு ஆராய்ச்சி என்றால் அப்படித்தானே இருக்கும்? டாக்டரிடம் காட்டினேன், தையல்காரியிடம் காட்டினேன். அடுத்த தெருவிலிருக்கும் ரிட்டயரான கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தேன். நாலு நாள் வைத்திருந்து, “ரொம்ப உயர்ந்த விஷயம்மா. நடுவுல மட்டும் கொஞ்சம் கடினம்” என்று திருப்பிக் கொடுத்தார். உன் அம்மாவைப் பெற்ற பாட்டியும் வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் புரட்டிவிட்டு, “இதுல நம்ம பொண்ணு பேரு எங்கேடி?” என்று கேட்டாள். “பெரிய பெரிய ஆராய்ச்சியில பேரெல்லாம் போட மாட்டாங்க சம்பந்தி” என்றேன்.

கண்ணே, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன் பேரை அந்த இங்கிலீஷ் எழுத்தில் அடையாளம் காண எனக்குத் தெரியும், உன் ரேங்க் கார்டில் பார்த்துப் பார்த்துப் படிந்தது. முதல் நாளே நூற்று நாற்பத்து மூன்று பக்கத்திலும் தேடினேன். இல்லை. என்னவோ சரியில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

போன வாரம் டைப் கடைப் பெண்ணே என்னைத் தேடி வந்தாள். “பாட்டி, அன்னிக்கு நான் குடுத்தது தப்பு. அது கட்டுரையே இல்ல, எந்த எழுத்தை எங்க அடிக்கணும்னு பிரிண்டருக்குச் சொல்ற கட்டளை. அதைத் திறக்கத் தனியா ஒரு புரோகிராம் இருக்காம், இப்பத்தான் கத்துக்கிட்டேன். வாங்க, ஒழுங்கா எடுத்துத் தரேன்.” மெஷினுக்கு இட்ட கட்டளையையா வாத்தியார் நாலு நாள் படித்தார் என்று சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

போனோம். எண்ணைக் கொடுத்தாள். இந்தத் தடவை ஒரே ஒரு காகிதம் வந்தது. அதில் சின்னதாக ஏதோ எழுதி, மேலே உன் பேர். அவள் படித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். “சொல்லுடி” என்றேன். “‘பதினோராம் பக்கத்துக் கணக்குல ஒரு படி தப்பு, அதனால கடைசி முடிவு நிக்காது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், தப்பைக் கண்டுபிடிச்சது நானேதான்’னு போட்டிருக்கு பாட்டி.” தேதியைக் கேட்டேன். நீ போன் செய்ததற்கு முந்தின நாள்.

“பழசும் அங்கேயே கிடக்கு, அழிக்க மாட்டாங்க போல. எடுக்கட்டுமா?” என்றாள். எடு என்றேன். இருபத்தேழு பக்கம். பதினோராம் பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். எனக்கு எது தப்பு என்று தெரியவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் யோசித்தேன். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் வாத்தியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், “எனக்கும் ஒண்ணும் புரியலம்மா. புரியலன்னு சொன்னா முப்பது வருஷம் என்ன சொல்லிக் குடுத்தேன்னு கேப்பீங்களேன்னு...” என்றார். நான் ஏன் கேட்கப்போகிறேன்? பேர் இல்லாததை மறைத்தவள் நான். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் நூற்று நாற்பதுக்கு மேல் வரும். எங்களால் நாலு வீட்டில் சொல்ல முடியாததை நீ உலகத்துக்கே எழுதிப்போட்டாய். அதற்கு நீ வெட்கப்படுகிறாய். எனக்கு அதுதான் விளங்கவில்லை. அந்த ஒரு வரிக் காகிதத்தைச் சம்பந்தி கையிலேயே கொடுத்து, பேரையும் தொட்டுக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள், “அவளே சொன்னாளா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஆகையால் கண்ணே, நீ வராதே. பத்துப் பக்கம் சரியாகத்தானே இருக்கிறது? அங்கிருந்து மறுபடி பிடி. அங்கேயே இரு. கண்டிப்பாக வராதே. இது உன் பாட்டியின் உத்தரவு. கண் நன்றாகத் தெரியவேண்டும், கை சோராமல் இருக்கவேண்டும், நினைத்தது கைகூட வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

உன் பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பிழை இருக்கிறதா என்று பார்க்க உன் அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தை. அவளைப் பாக்கணும்னு மட்டும் எங்கயும் எழுதலையே” என்றாள். பார்க்கவேண்டும். ரொம்பப் பார்க்கவேண்டும். உத்தரவெல்லாம் இருக்கட்டும், நீ நாளைக்கே கிளம்பி வா. திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.