மேனேஜர் உட்கார்ந்த விவரம்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். என் இடது கால் செருப்பு மட்டும் நலமில்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய். நாய்க்குட்டியைக் கூடையோடு எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனவனுக்கு நலத்தில் என்ன குறை வரப்போகிறது?

நீ கொடுத்த குட்டிக்கு உன் அக்கா 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாள். தாமதமாக எழுகிறது, எல்லா அறைக்குள்ளும் மூக்கை நுழைக்கிறது, எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறது, வேலை மட்டும் செய்வதில்லை, வேறென்ன பெயர் வைப்பது என்றாள். சரி என்று இருந்தேன். போன வாரம் அது மாடியிறங்கிப் போய், கொடியில் காய்ந்த வீட்டுக்காரரின் கால்சட்டையை அரைக்கால் சட்டையாக்கிவிட்டது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். "ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். சொன்ன பேச்சு கேட்டா இருக்கட்டும். இல்லன்னா அது வெளிய. அது போகலன்னா நீங்க வெளிய" என்றார். அவர் போனதும் உன் அக்கா, "அது போனா நானும் அதோட போறேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது உனக்குத் தெரியாததல்ல.

நான் அசரவில்லை மாப்பிள்ளை. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வருகிறவர்களையே கார் ஓட்ட வைத்தவன் நான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வாலை யார் கேட்டது, பின்பக்கத்தைத் தரையில் வைத்தால் போதாதா என்று இறங்கிவிட்டேன். "உட்கார்" என்றேன், படுத்தது. "வா" என்றேன்; கட்டிலுக்கடியில் போனது. எப்படி உட்காருவது என்று நானே உட்கார்ந்து காட்டினேன். என் மடியில் ஏறி மூக்கைக் கடித்தது. வீட்டில் படியாதது வெளியில் படியும் என்று பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். ஓட்டியவர் புதிதாகப் பழக வந்த பல் டாக்டரம்மா. நாற்சந்தி நடுவில் குட்டி முன்சீட்டுக்குத் தாவப் பார்க்க, "நில்!" என்று கத்தினேன். டாக்டரம்மா பிரேக்கை மிதித்த மிதியில் கார் நின்றது, பின்னால் வந்த பஸ் நின்றது, அதற்குப் பின்னால் ஊரே நின்றது. நிற்காதது இது ஒன்றுதான். பறந்து வந்து என் மேல் விழுந்தது. "உட்கார்! உட்கார்!" என்றேன். "உக்காந்துதான் சார் இருக்கேன்!" என்று டாக்டரம்மா அழவே தொடங்கிவிட்டார்.

இப்படியே ஞாயிறும் வந்தது. உன் அக்கா கூடத்தில் பிஸ்கெட்டும் கையுமாக நின்றாள். குட்டி வாசல் பக்கம் ஓடியது. அதன் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "மேனேஜர்! உக்காரு!" என்று ஓர் அதட்டல் போட்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த வீட்டுக்காரர், பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இவள் நிமிர்ந்து பார்த்தால்தானே? "கை குடு!" என்றாள். அவர் நீட்டினார். வேகத்தில் இவள் பிஸ்கெட்டை அந்தக் கையிலேயே வைத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டார். அது நாய் பிஸ்கெட், மாப்பிள்ளை.

வீடு காலி என்று மனதுக்குள் சாமான் கட்டத் தொடங்கிவிட்டேன். அவரோ மென்று விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் மேனேஜரா இருந்தது உனக்கு எப்படிம்மா தெரியும்? ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒரு பயலும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. அதுவும் கூடப் பொறந்தவ மாதிரி உரிமையா, 'உக்காரு'ங்கற!"

அதற்குள் குட்டி அவர் மடியில் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டது. கீழே இறக்கப் போனேன். "விடுங்க சார், இருந்துட்டுப் போகட்டும். இந்த வயசுல அது சேட்டை பண்ணாம நாமளா பண்றது?" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது தினமும் மாலை இங்கேதான் டீ குடிக்கிறார். அவர் இருக்கும்வரை குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் "உஸ், உஸ்" என்று ஓட்டை டயர் மாதிரி இருவரும் காற்று விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. உன் அக்காவுக்கு உன் நினைவாகவே இருக்கிறது. விடுமுறையில் கட்டாயம் வந்து ஒரு வாரமாவது தங்கிவிட்டுப் போ. நோய் நொடியில்லாமல், நாய் கடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதை உறையில் போடும் நேரத்தில் வீட்டுக்காரர் வந்து, "ஆமா, குட்டிக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிட்டார். உன் அக்கா பதறிப்போய், வாயில் முதலில் வந்த உன் பெயரைச் சொல்லிவிட்டாள். அவர் உன் பெயரைச் சொல்லி "உக்காரு" என்றார். மாப்பிள்ளை, அது உட்கார்ந்துவிட்டது! "நல்ல பையன்" என்று உன் காதைச் சொறிந்துவிட்டார். ஆகவே நீ இப்போதைக்கு வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால், வேறு பெயர் ஏதாவது யோசித்து வைத்துக்கொண்டு வா.