மாப்பிள்ளைக்கு அனுப்பிய பதினாறு எழுத்து

அன்புக்கும் மரியாதைக்கும் (அலுவலக நேரம் என்பதால் மரியாதை சற்றுத் தூக்கலாக) உரித்தான மாப்பிள்ளைக்கு, உங்கள் மனைவியின் அண்ணனும் கீழ்த்தள சர்வர் அறையின் காவலனுமான நான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், ஏ.சி. நலம், ஸ்கேன் சர்வர் நலமில்லை.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் படமெல்லாம் போய்ச் சேரும் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஸ்கேன் அறைப் பொறுப்பாளர் அம்மா என் வாசலிலேயே நிற்கிறார். "சாயங்காலத்துக்குள்ள இடம் வரலேன்னா மெஷினை நிறுத்திடுவேன் சார். தலையில அடிபட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, அவருக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்க" என்கிறார். மேல்தளத்தில் உங்களிடம் அலமாரி அலமாரியாக டிஸ்க் இருக்கிறது. நீங்கள் திறந்துவிட்டால் முடிந்தது.

அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து படாதபாடு படுகிறேன். சர்வரின் பெயரைச் சொன்னேன். "பேரெல்லாம் எங்க டிஸ்குக்குத் தெரியாது மச்சான், சர்வரை டிஸ்கோட இணைக்கிற ஃபைபர் கார்டுல இருக்கற நம்பரைக் கொடுங்க" என்றீர்கள். லினக்ஸில் தேடினால், கார்டு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எண்ணைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் துழாவி, நோட் நேம் என்று ஒன்றைப் பிடித்து அனுப்பினேன். "இது கார்டு நம்பர், எனக்கு வேண்டியது போர்ட் நம்பர்" என்று திருப்பி அனுப்பினீர்கள். சரி, போர்ட் நேமையே அனுப்புவோம் என்று அனுப்பினால், "கேபிளே சொருகாத போர்ட்டுக்கு டிஸ்க் கேக்கறீங்களே!" கார்டில் ரெண்டு போர்ட் இருக்கு, நான் எடுத்தது சும்மா கிடக்கிறது. என்னத்தைச் சொல்ல.

ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு யோசனை ஓடியது. சர்வருக்குப் பெயர் வைத்தவன் நான், முகவரி கொடுத்தவன் நான். நாளைக்கே இரண்டையும் மாற்றலாம். இந்த எண்ணோ பிறக்கும்போதே கார்டோடு வந்தது. ஊரே கூப்பிடும் பெயரை விட்டுவிட்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத, இலக்கமும் இங்கிலீஷும் கலந்த பதினாறு எழுத்தைத்தான் டிஸ்க் நம்புகிறது. மனுஷனுக்கு அப்படி ஒன்று இல்லையே. நான் இன்னார் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் காட்ட வேண்டியிருக்கு. உங்களுக்குப் பெண் கொடுக்குமுன் நானும் நாலு பேரிடம் விசாரித்தவன்தான், இல்லேங்கல. ஆனா நான் எதை அனுப்பினாலும் நீங்க முதல்ல சந்தேகப்படறப்ப மனசு வலிக்குது மாப்பிள்ளை. ராத்திரிச் சாப்பாட்டிலேயும் இதே பேச்சுன்னு தங்கச்சி வேற தலையில அடிச்சுக்கறா.

ஆகவே ஒரு வேண்டுகோள். கேபிள் சொருகி, ஆன்லைன் என்று காட்டும் போர்ட்டின் எண்ணைக் கையால் தட்டாமல் அப்படியே எடுத்து இத்துடன் ஒட்டியிருக்கிறேன். இந்த ஒரு தடவை சரிபார்க்காதீர்கள். என்னை நம்பித் திறந்துவிடுங்கள். மாப்பிள்ளை முறுக்கை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நான் தாங்குவேன்.

நீங்களும் தங்கச்சியும் குழந்தையும் இடப் பற்றாக்குறை என்பதே இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: அனுப்பும் பொத்தானை அழுத்தப் போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று, எண் எடுத்த சர்வரிடமே பெயர் கேட்டேன். சம்பளக் கணக்கு சர்வர் என்றது. ஒழுங்காக இருக்கும் சர்வரில் எண் எப்படித் தெரியும் என்று பார்க்க அதையும் திறந்து வைத்திருந்தேன். திரையில் இரண்டும் ஒரே கறுப்பு ஜன்னல், மாறிப்போய்விட்டது. மேலே ஒட்டியதைத் தொடாதீர்கள். நீங்கள் நம்பித் திறந்திருந்தால் டிஸ்க் சம்பளக் கணக்கிடம் போய்ச் சும்மா கிடந்திருக்கும், அடிபட்டவர் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார். சரியான எண் இதற்குக் கீழே. மாப்பிள்ளை, தயவுசெய்து என்னை நம்பாதீங்க.