நாலு பேர் கூடிய தனிச்சந்திப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. உன் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவன் நோயில்லாத உடம்பையும் நிறைந்த மனதையும் தரட்டும். உன் ஆபீசில் நடப்பது போல வேலையாட்களோடு தனித்தனியே உட்கார்ந்து பேச வேண்டும் என்று நீ போனில் சொன்னாயே, அந்தத் தனிச்சந்திப்பைத் திங்கட்கிழமை நம் கண்ணாடிக் கடையில் நடத்தினோம். இருந்தவர்கள்: உன் அத்தான், கண்ணாடி வெட்டும் மாஸ்டர், நான், வண்டி ஓட்டுபவர். இரண்டே பேர்தான் இருக்க வேண்டும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. ஆனால் உன் அத்தானுக்குத் தனியாகப் பேச வராது, என்னிடம் பேசவே பக்கத்தில் ஆள் தேடுவார், அதனால் நான். வண்டி ஓட்டுபவர் வண்டிச் சாவி கேட்க வந்தார், யாரும் போகச் சொல்லாததால் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் கொஞ்ச நாளாக வாய் திறப்பதில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போகப்போகிறார் என்று பேச்சு. அவர் போனால் நம்மிடம் கண்ணாடி மிஞ்சும், வெட்ட ஆள் மிஞ்சாது. அதனால்தான் இந்தக் கூட்டம். ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டோம். நம் கடையில் ஒருவரை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால், அது வேலையை விட்டு அனுப்புவதற்குத்தான். வேறு எதற்கும் அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை. மாஸ்டர் சட்டை மாற்றிக்கொண்டு, கட்டரைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடைச் சாவியோடு வந்து உட்கார்ந்தார். உன் அத்தான் தொண்டையைச் செருமி, நீ சொல்லிக் கொடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

மாஸ்டர் சாவியை மேஜை மேல் வைத்தார். "நீங்க போகச் சொல்ற இடத்துல இருப்பேங்க."

"நாங்க போகச் சொல்லலையே."

"அப்ப எதுக்குங்க கதவு?"

வண்டி ஓட்டுபவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். கூட்டம் அதோடு கலைந்தது.

எனக்கோ விஷயம் தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் சாமி படத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஈரத்துணியோடு போய் மாஸ்டர் வெட்டிப்போட்ட கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது கண்ணாடியில் தானாகவே அவர் வாய் திறந்தது.

"ஐயா 'பார்த்து'ங்கறாருங்க, அக்கா."

"என்னத்தப் பார்த்து?"

"நான் கண்ணாடி மேல கட்டரை வைக்கறப்பல்லாம் பின்னாடி நின்னு 'பார்த்து, பார்த்து'ங்கறார். நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா வெட்டறேன்? சேர்ந்த நாள்லேர்ந்து இதே பாட்டு. அடுத்த தெருக் கடை முதலாளி வேலை நேரத்துல வெளிய போயிடுவாராம்."

எதிரே உட்காரவைத்தால் ஊமையாகிற மனிதர், பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்தால் இப்படிக் கொட்டுகிறாரே, இது என்ன விசித்திரம்? உன் ஆபீசிலும் இப்படித்தானா? அங்கே துடைக்க என்ன இருக்கிறது?

உன் அத்தானிடம் சொன்னேன். "நானா? நான் எப்ப சொன்னேன்?" என்றார். அதே சமயம் மாஸ்டர் கட்டரை வைத்தார். "பார்த்து" என்றது உன் அத்தானின் வாய். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார், பாவம். அன்றிலிருந்து சொல்வதே இல்லை. சொல்ல வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். மாஸ்டரும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆகவே உன் மேலதிகாரிகளிடம் சொல், ஆளுக்கொரு துணியைக் கொடுத்து நிற்கவைத்துப் பேசட்டும். நீயும் உன் வீட்டாரும் எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் மாஸ்டர் உள் அறைக்கு வந்து, தானே கதவைச் சாத்தினார். "அக்கா, ஐயாவுக்கு என் மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறார். கட்டரை வச்சுட்டு அவர் சொல்லுவார்னு காத்துக்கிட்டே நிக்கறேன், கை நகர மாட்டேங்குது. நேத்து ஆளுயரக் கண்ணாடி கோணலாப் போச்சு. என்னை அனுப்பத்தானே இப்படி?" என்கிறார். உன் அத்தான் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைப் 'பார்த்து' சொல்லச் சொல்லவா, வேண்டாமென்று சொல்லவா? அடுத்த ஆளுயரக் கண்ணாடி மேஜை மேல் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.