காத்து சார் கட்டிய குடில்

ஒரு சொட்டுப் பெயின்ட்கூடச் சிந்தாமல் ஒரு வீட்டையே நாசம் செய்த ஓவியர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மந்தைவெளியில் என் தலைக்கு மேலே, முதல் மாடியில் குடியிருந்தார். டியூப்லைட், சுவர்க் கடிகாரம், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி பீரோ என்று எல்லாவற்றையும் அவர் தூரிகை பதம் பார்த்தது. தூரிகை என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அவர் கையில் தூரிகையே கிடையாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. தெருவுக்கு அவர் காத்து சார். அதற்குக் காரணம் மீன்காரி சூசம்மா. பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு வருபவர். ஒருநாள் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தவர், தற்செயலாக அண்ணாந்து பார்த்திருக்கிறார். மாடி ஜன்னலில், கண்ணை மறைத்து முகத்தில் ஒரு வெள்ளை டப்பாவைக் கட்டிக்கொண்டு, ஒரு மனிதர் இரண்டு கைகளாலும் ஆகாயத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். சூசம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மேல் வூட்டு சாருக்கு இன்னாவோ ஆய்க்கினு கீது சார். சட்டுனு ஃபாதரை இட்டாந்துடு."

நான் மாடிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, அவர் படம் வரைகிறார் என்றேன். எதில் என்றார் சூசம்மா. காற்றில் என்றேன். சூசம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"காத்துல வரைஞ்சா காசு யாரு சார் குடுப்பா?"

அந்த ஒரு கேள்விதான் பிறகு மாடிவீட்டை ஆட்டி வைத்தது.

காத்து சார் அதற்கு முன்பு தி.நகரில் ஒரு விளம்பர அலுவலகத்தில் ஆடித் தள்ளுபடி, கார்த்திகைத் தள்ளுபடி என்று எல்லாத் தள்ளுபடிக்கும் படம் போட்டுக்கொண்டிருந்தவர். ஏதோ ஒரு கண்காட்சியில் யாரோ அவர் தலையில் அந்த வி.ஆர். டப்பாவை மாட்டிவிட்டார்கள். மாட்டினால் உலகம் மறைந்து வேறோர் உலகம் வருமாம். அங்கே கையை வீசினால் கோடு அந்தரத்திலேயே நிற்குமாம். அதைச் சுற்றி வரலாம், பின்னால் போய்ப் பார்க்கலாம், படத்துக்குள்ளேயே நடக்கலாம். மனிதர் அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

எனக்கும் ஒருமுறை மாட்டிவிட்டார். கண்ணைத் திறந்தால் கபாலி கோயில் கோபுரம் உயரத்துக்கு ஓர் ஆட்டோ நிற்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு மஞ்சளை நான் பார்த்ததில்லை. அவர் ஏதோ திருகினார். ஆட்டோ சுருங்கி என் அளவுக்கு வந்தது. ரெக்சின் கிழிசலும் அதிலிருந்து எட்டிப் பார்க்கும் தேங்காய் நாரும்கூட இருந்தன. பரவசத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அங்கே சீட் இல்லை, மொசைக் தரைதான் உண்டு என்பது என் இடுப்புக்குத் தெரிந்தது. சென்னையில் ஆட்டோக்காரர்கள் என்னைப் பல விதமாக ஏமாற்றியிருக்கிறார்கள். ஆட்டோவே ஏமாற்றியது அன்றுதான்.

அவருடைய கட்டைவிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையில் பிடிக்கும் கருவியில், இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். போட்டது பிடிக்கவில்லையா, ஓர் அழுத்து. நாள் முழுக்க அழுத்தி அழுத்தி அந்த விரலுக்கு அதுவே வியாதியாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் சட்டையில் சாம்பார் கொட்டினால் விரல் தானாக அழுத்தும். பீரோக் கண்ணாடி நொறுங்கினால் அழுத்தும். மனைவியிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டால் படபடவென்று அழுத்தும். ஒன்றும் மறையாது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் அழுத்துவார்.

மனைவி ஃபிலோ டீச்சர், ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். பொறுமைசாலி. ஆனால் கணக்கு வாத்தியாரின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருநாள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கணவரிடம் ஒப்பந்தம் போட்டார்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் டைம். அதுக்குள்ள இந்தப் படத்துக்கு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், காசு குடுத்து ஆர்டர் குடுக்கணும். இல்லேன்னா ஜனவரியிலேருந்து ஜெரால்டு கடை."

ஜெரால்டு டீச்சரின் தம்பி. நங்கநல்லூரில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் காத்து சாரின் விரல் அழுத்தத் தொடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து புலம்பினார். அத்தனை டைல்ஸும் ஒரே சைஸ், ஒரே சதுரம், ஒன்றுக்குள்ளும் நுழைய முடியாது, அதை விற்றுக்கொண்டு எப்படி சார் உயிரோடு இருப்பது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண்கள் கலங்கியிருந்தன, அதனால் அடக்கிக்கொண்டேன்.

மாதங்கள் ஓடின. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். எங்கே மாட்டி வைப்பது என்றும் கேட்டார்கள். சுவரில் மாட்ட முடியாத படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்?

நவம்பர் மழையில் ஃபாதர் வந்தார். அவர்கள் பங்குக் கோயிலின் புதுப் பங்குத்தந்தை, இளைஞர், எதிலும் புதுமை வேண்டும் என்பவர். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தக் கோயிலில் தெருவுக்கு ஒன்றாகக் குடில் கட்டுவார்கள். வைக்கோல் கூரை, பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை, கேழ்வரகை முளைக்கவைத்துப் புல்வெளி, நடுவில் மாதா, சூசையப்பர், தீவனத் தொட்டியில் பாலன் இயேசு. இந்த வருஷம் நம் தெருக் குடிலை நீங்கள் வி.ஆரில் வரைந்துவிடுங்கள், காலைப் பூசை முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று மாட்டிப் பார்க்கட்டும் என்றார் ஃபாதர். கோயிலிலிருந்து காசு வராது. ஆனால் ஊரே பார்க்கும், யாராவது ஒருவர் ஆர்டர் கொடுக்காமலா போவார் என்று டீச்சரும் சம்மதித்தார். கடைசி வாய்ப்பு என்று அவருக்கும் தெரியும்.

அந்த டிசம்பர் முழுக்க மாடியில் சத்தமே இல்லை. ஒன்றும் உடையவில்லை. அவர் மேலே குதிக்கும்போதெல்லாம் ஆடும் என் வீட்டு ஃபேன்கூடக் குலுங்கவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று மகிழ்ந்தேன். ஒரே ஒரு விஷயம்தான் விசித்திரம். மாடிக்குப் போகும்போது பார்த்தால் ஹாலில் மல்லாந்து படுத்திருப்பார். டப்பாவைக் கழற்றிவிட்டு, "சார், கொஞ்சம் என் மேல குனிஞ்சு பாருங்க" என்பார். குனிவேன். முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, போதும் சார், தாங்க்ஸ் என்று டப்பாவை மாட்டிக்கொள்வார். சூசம்மாவையும் விடவில்லை. மீன் கொடுக்க வந்தவரைக் குனியச் சொல்லியிருக்கிறார். "மீனைப் பார்த்து வாங்குறவங்கள பாத்துக்கீறேன், மீன்காரிய பாத்து வாங்குறவர இப்பதான் பாக்கறேன்" என்று சூசம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

கிறிஸ்மஸ் காலை. கோயில் பக்கத்து ஹாலில் ஒரு பாய், அதன் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜை மேல் டப்பா. புதுத் துணி சரசரக்க வரிசை வாசல் வரை நின்றது. நானும் துணைக்குப் போயிருந்தேன். யாரும் சுவரில் மோதிவிடாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. ஜெரால்டும் வந்திருந்தார், கையில் ஒரு பார்சலோடு. மாமாவுக்கு கிறிஸ்மஸ் பரிசு என்றார். பிரித்துக் காட்டினார். கடை டி-ஷர்ட். பாக்கெட்டின் மேல் காத்து சாரின் நிஜப் பெயரை நூலால் தைத்திருந்தார்கள்.

காத்து சார் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார், பாயைக் காட்டினார். அதற்குள் முதல் ஆள் டப்பாவை மாட்டிவிட்டார். அவர் கோயில் கமிட்டிப் பெரியவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடிலுக்கு வந்தால் பாலன் இயேசுவின் பாதத்தைக் குனிந்து முத்தி செய்துவிட்டுத்தான், அதாவது முத்தமிட்டுவிட்டுத்தான், நகர்வார்கள். பெரியவரும் பக்தியோடு குனிந்தார். நான் பிடிப்பதற்குள் நெற்றி மேஜையில் டொக்கென்று மோதியது. அதைக்கூடப் பொருட்படுத்தாமல் இப்படியும் அப்படியும் தேடினார்.

"குழந்தை எங்கேய்யா?"

அடுத்தவர் மாட்டினார். அவரும் தேடினார். குழந்தை இல்லை. மூன்றாவதாக வந்த அம்மா இன்னும் மோசமான செய்தி சொன்னார். மாதாவுக்கு முகமே இல்லை, பின்னந்தலை மட்டும் இருக்கிறது, மாடு குடம் மாதிரி உள்ளே காலியாக இருக்கிறது. பாலனே இல்லாத குடிலா என்று ஹால் முழுக்க முணுமுணுப்பு. ஃபாதரின் முகம் வெளுத்தது. ஜெரால்டு டி-ஷர்ட்டை ஆதரவாக மாமாவின் தோளில் போட்டார். காத்து சாரின் கட்டைவிரல் தந்தி அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை பாயையே காட்டிக்கொண்டிருந்தது.

ஃபிலோ டீச்சருக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. மானம் எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று தானே பார்க்கிறேன் என்று டப்பாவைப் பிடுங்கி மாட்டினார். ஓர் அடி பின்னால் வைத்தார். பாயின் விளிம்பு தடுக்கியது. நான் தாங்கினேன், ஆனாலும் டீச்சர் பொத்தென்று உட்கார்ந்து அப்படியே மல்லாந்துவிட்டார். எல்லோரும் தூக்க ஓடினோம்.

"யாரும் என்னைத் தொடாதீங்க."

டீச்சர் படுத்தபடியே இடமும் வலமும் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, மாதாவுக்கு எதுக்கு என் மூக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச மூக்கு அது ஒண்ணுதானே ஃபிலோ."

டப்பாவுக்கு அடியிலிருந்து டீச்சரின் காதோரம் ஈரம் இறங்கியது.

அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது. மனிதர் குழந்தையை மறக்கவில்லை. குழந்தை படுத்திருக்கும் இடத்தில் தானே படுத்துக்கொண்டு, அங்கிருந்து தெரிவதை மட்டும் வரைந்திருக்கிறார். மாதா, மாடு, இடையர்கள் எல்லோரும் குனிந்து பார்ப்பது நம்மைத்தான். நின்று பார்த்தால் முதுகுதான் தெரியும். நிற்பவனுக்கு அங்கே வேலையில்லை. இதை வருகிறவர்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா? பாயைப் பார்த்தால் படுக்கத் தோன்றாதா சார் என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். கோயில் ஹாலில், பட்டு வேட்டியில், ஊர் பார்க்க, யாருக்குத் தோன்றும்?

ஆனால் அன்று எல்லோரும் படுத்தார்கள். கமிட்டிப் பெரியவர் நெற்றிப் புடைப்போடு படுத்தார். அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஃபாதர் படுத்தார், எழுந்திருக்க மனமில்லாமல் கேக் வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். சூசம்மா படுத்து, மேலே இடையப் பெண்ணாகக் குனிந்து நிற்பது தான்தான் என்று கண்டுகொண்டு, "நான் இம்மாம் அழகா கீறேனா" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். எழுந்த பிறகு, அடுத்துப் படுத்திருந்தவரின் பாதத்தைப் பழக்க தோஷத்தில் தொட்டு முத்தி செய்துகொண்டார். அவர் பாதம் கூசிச் சிரித்தார். அதன் பிறகு வரிசையில் வந்த எல்லோரும் படுத்திருந்தவர் பாதத்தைத் தொட்டுவிட்டுத்தான் படுத்தார்கள். ஃபாதர் பார்த்தும் தடுக்கவில்லை.

நானும் படுத்தேன். என் முகத்தைத் தேடினேன். கழுதைக்கு இருந்தது. மூக்குக்கண்ணாடி உட்பட.

கடைசியாக ஜெரால்டு. நெடுநேரம் படுத்திருந்தார். எழுந்து டப்பாவைக் கழற்றியவர் முகத்தில் வியாபாரி முகம் திரும்பியிருந்தது.

"மாமா, கூரை பிரமாதம். ஆனா தரையே போடல நீங்க."

படுத்திருப்பவனுக்குத் தரை தெரியாது என்றார் காத்து சார். ஜெரால்டு அதைக் காதில் வாங்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கையளவு டைலைப் பார்த்துவிட்டு, வீட்டில் போட்டால் எப்படியிருக்கும் என்று தன் உயிரை வாங்குவதாகவும், அவர்களை இந்த மாதிரி அவர்கள் வீட்டுக்குள்ளேயே நிற்க வைத்துவிட்டால் போதும் என்றும் சொன்னார். வரைந்து கொடுங்கள், காசு கொடுக்கிறேன், அக்கா சாட்சி.

இப்படித்தான் டைல்ஸ் கடையிலிருந்து காத்து சாரைக் காப்பாற்றியது டைல்ஸ் கடை. டி-ஷர்ட்டை டீச்சர் டப்பாவைத் துடைக்க வைத்துக்கொண்டார். நங்கநல்லூரில் பார்த்த ஒரு கட்டட இன்ஜினீயர் அடுத்த ஆர்டர் கொடுத்தார். அதைப் பார்த்து தி.நகரில் கல்யாண மேடை போடுகிறவர் ஒருவர் வந்தார். அவருக்காக நின்றுகொண்டும் குதித்துக்கொண்டும் வரைந்ததில் என் வீட்டு ஃபேன் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. மாசத்துக்கு ஒருமுறை மேலே போய்ச் சண்டை போட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கட்டைவிரலை ஒருமுறை அழுத்திவிட்டு, மறுபடி குதிப்பார்.

போன மாதம் பாலவாக்கத்தில் வீடு பார்த்துவிட்டார்கள். பெரிய ஹால், கீழே யாரும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கலாமாம். உங்களுக்கு இனிமேல் நிம்மதி சார் என்றார் காத்து சார். ஆமாம் சார், இப்போதாவது விடிந்ததே என்றேன் நான். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றிருந்தேன். அது மறைந்ததும், என் இடது கட்டைவிரல் தானாக ஒருமுறை அழுத்திப் பார்த்தது.