பேட்டரிக்கு வைத்த பொட்டு

பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன் கொஞ்ச நாளாவது அடக்கமாக இருக்க வேண்டும். நான் அடக்கமாகத்தான் இருந்தேன். கூடவே பக்தியாகவும் இருந்து தொலைத்தேன். அதில் வந்தது வினை.

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். பிரிக்பீல்ட்ஸில் வீடுகளுக்கு விளக்கு ஒயர் இழுப்பது என் தொழில். யாரும் புது விளக்குப் போடாத காலத்தில் அது தொழிலே இல்லை. வேலைச் சீட்டு இல்லாத வாலிபர்களைப் பிடித்து, ரயில் பாதை போடச் சயாமுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கூட்டாளிகள் சிலரும் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. எனக்குப் பயம். ஆகவே கிள்ளானில் தொங்காங் (சரக்குப் படகுதான், பெயர் அப்படி) வைத்திருந்த மரைக்காயர் முதலாளியிடம் போய், “படகு இஞ்சின் கரண்டு வேலையெல்லாம் எனக்கு அத்துப்படி” என்றேன். அதுவரை நான் படகில் ஏறியதே இல்லை.

அது பந்திங் பக்கமிருந்து ராணுவ முகாமுக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் படகு. அதனால் முத்திரை குத்திய சீட்டு ஒன்று கிடைத்தது. ‘படகு மின்சார நிபுணர்’ என்று போட்டிருந்தது. இரவில்கூடச் சட்டையைக் கழற்றாமல், பையில் அந்தச் சீட்டோடு தூங்கினேன்.

சேர்ந்த ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. முதலாளி ஐந்து வேளை தொழுகிறவர். ஆனாலும், “உங்க வழக்கத்த நீங்க செய்ங்க தம்பி. படகு ஓடினாச் சரி” என்றார். படகோட்டி பெருமாளண்ணன் இஞ்சினுக்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டதோடு முடித்துக்கொண்டார். நிபுணர் அப்படி விட முடியுமா? பேட்டரி என் இலாகா. இரண்டு முனைகளிலும் மாட்டியிருந்த ஒயர்ப் பிடிகளைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, தாராளமாகச் சந்தனத்தை அப்பி, பிடிகளை மறுபடி இறுக்கினேன். (சந்தனம் என்பது ஒரு மரியாதைக்கு. அந்தக் காலத்தில் சந்தனத்துக்கு எங்கே போவது? மரவள்ளி மாவை வெந்நீரில் குழைத்து மஞ்சள் கலந்தது.)

மறுநாள் ஆற்றில் நீர் ஏறியிருக்கும்போதே புறப்பட வேண்டும். நீர் வடிந்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். முகாமுக்குக் கிழங்கு போகாது. படகைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். என் சீட்டும் அதோடு செல்லாது. படகுத்துறை மேடையில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். ஊரில் எல்லாக் கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஆறு மட்டும் பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பெருமாளண்ணன் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். கையால் சுற்றிக் கிளப்பலாம் என்றால், அதற்கான ஹேண்டில் போன மாதமே ஆற்றில் விழுந்திருந்தது.

“பாரு தம்பி” என்று ஒதுங்கிக்கொண்டார்.

நான் இஞ்சினை ஒருமுறை சுற்றி வந்து, “ஸ்பார்க் பிளக் எங்கண்ணே?” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது டீசல் தம்பி. இதுக்கு ஏது பிளக்கு?”

“தெரியும்ணே. சும்மா கேட்டேன்.”

விளக்கைப் போட்டேன். எரிந்தது. “பேட்டரி நல்லா இருக்கு” என்று அறிவித்தேன். பொத்தானை அழுத்தியதும் விளக்கு அணைந்தது, விட்டதும் எரிந்தது. (அந்த விளக்கு என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் காதில் வாங்கவில்லை.) ஸ்டார்ட்டர்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லி அதைக் கழற்றினேன். ஓர் அரிசி மூட்டை கனம் இருந்தது. (அரிசி மூட்டையின் கனம் அப்போது யாருக்கும் நினைவில்லை, ஓர் உத்தேசம்தான்.) பிரித்து, துடைத்து, பூட்டினேன். ஒரு திருகு மிச்சமானது. அதை யாரும் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன். ‘டிக்’. ஒயரை மாற்றினேன். ‘டிக்’.

மேடையின் கால்களில் சேறு தெரிய ஆரம்பித்தது. முதலாளியின் விரல்களில் தஸ்பீஹ் மாலை மணிகள் வேகமாக உருண்டன. சிப்பாய் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். என் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தது.

அப்போதுதான் பெருமாளண்ணனின் மகள் கமலம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவித்த மரவள்ளிதான்.

“இன்னும் கெளம்பலியாப்பா?” என்று எட்டிப் பார்த்தவள் பேட்டரியைக் கண்டதும் குனிந்தாள். “இது என்னா, மஞ்சளா?”

“சந்தனம்” என்றேன்.

நகத்தால் சுரண்டினாள். “மரவள்ளி மாவு. காஞ்சா கல்லு. தெனம் சட்டியில சுரண்டுறேன், கத்தியே எறங்க மாட்டேங்குது. இதுக்குள்ள கரண்டு எறங்குமா?”

பெருமாளண்ணன் பிடிகளைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் ஓடு கட்டியிருந்தது. விளக்குக்கு வேண்டிய கொஞ்சம் கரண்டு அதில் கசிந்தது, ஸ்டார்ட்டருக்கு வேண்டியது நுழையவில்லை. கத்தியால் சுரண்டி, ஈயம் பளிச்சென்று தெரிந்ததும் பிடிகளை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். இஞ்சின் கரும்புகை கக்கிக் கிளம்பியது. என் பையில் இருந்த திருகு இல்லாமலே ஓடியது.

முதலாளி இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, அடுத்த வருசம் பூசைக்கு நீங்க லீவு எடுத்துக்குங்க.”

சீட்டு தப்பியது. நானும் தப்பினேன். ஜப்பான்காரன் போனபின் கமலத்தைப் பெண் கேட்டுப் போனேன். “டீசலுக்குப் பிளக்குத் தேடுனவனுக்கா?” என்றார் பெருமாளண்ணன். “நம்ம வீட்டுலதான் பேட்டரி இல்லியேப்பா” என்றாள் கமலம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். சொல்லி முடித்ததும் சயாமுக்குப் போன கூட்டாளிகள் நினைவு வரும். கமலத்துக்கு அது தெரியும். ஆயுத பூஜையன்று பிள்ளைகள் சந்தனக் கிண்ணத்தை என் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார்கள். அவள்தான் அதை எடுத்து வந்து, அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய சீட்டையும் என் முன்னால் விரித்து வைப்பாள்.

“பொட்ட இதுல வைங்க. இதுக்குக் கரண்டு வேணாம்.”