வேகாத பருப்பு

இரண்டு மணி நேரமாக அடுப்பெரிந்தும் துவரம்பருப்பு கூழாங்கல் மாதிரி கிடந்தது. பொம்மையன் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. நாளை மறுநாள் தண்ணீரைச் சோதிக்கக் கோர்ட்டிலிருந்து கமிஷன் வக்கீல் வருகிறார்.

பொம்மையனின் கத்தரித் தோட்டத்துக்கு மேற்கே பத்து வருஷமாகத் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று உண்டு. இப்போது வேலியை ஒட்டி இரண்டாவது ஷாப்பு கட்டக் கல் வந்து இறங்கியதும், கிணறு பாழாகிவிடும் என்று திண்டுக்கல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். போன வாரம் உத்தரவானது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் அனுமதி என்று அவருடைய வக்கீல் விளக்க ஆரம்பித்ததுமே, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பொம்மையன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் தோல் ஷாப்பு வைக்க எந்த ஜட்ஜ் விடுவார்? இதில் மிச்சம் கேட்க என்ன இருக்கிறது?

நல்ல தண்ணீருக்கு அந்த ஊரில் ஒரே பரீட்சைதான். பருப்பு வேக வேண்டும்.

பருப்பு பழசு என்று புதுசு வாங்கி வந்தார். வேகவில்லை. பானையை மாற்றினார், விறகை மாற்றினார். கடைசியில் மனைவி மாயம்மாள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு வருஷமா சோடா உப்புப் போட்டுத்தேன் வேக வைக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? உப்புத்தண்ணி ஊருன்னு பேரெடுத்தா நம்ம பயலுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

விசாரித்தால் ஊரில் எல்லா அடுப்படியிலும் சோடா உப்பு இருந்தது. அடுத்தவருக்குத் தெரியாமல்தான் எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறைத்துவிட்டால் புது ஊற்று வரும் என்று நாலு ஆளை வைத்துக் கிணற்றைக் காலி செய்தார். வந்தது புது ஊற்று, ஷாப்பில் தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைக் கஷாய நிறத்தில், நுரையோடு. அதுவரை உப்பு கண்ணுக்காவது தெரியாமல் இருந்தது. சுண்ணாம்பு போட்டால் தெளியும் என்றார் பக்கத்துத் தோட்டத்து முத்துச்சாமி. ஒரு மூட்டை கொட்டினார்கள். நிறம் அப்படியே இருக்க, தோல் ஷாப்பு நாற்றமும் வந்து சேர்ந்தது.

பொம்மையன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதார். அவரும் தம்பியும் பாறையை உடைத்து வெட்டிய கிணறு அது. தம்பி அதில் வெடி வைக்கும்போதுதான் செத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பூட்டினார். மூன்று மைல் தள்ளியிருந்த ராமர் தோட்டத்திலிருந்து இரண்டு பீப்பாய் தண்ணீர் வந்தது. கருகிய கத்தரி இலைகளை மாயம்மாள் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தாள். ஊர்ப் பிள்ளைகள் விழுந்துவிடும் என்று சாக்குச் சொல்லிக் கிணற்றைத் தென்னங்கிடுகு போட்டு மூடினார்கள்.

கமிஷன் வக்கீல் கறுப்புக் கோட்டோடு ஜட்காவில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய குமாஸ்தா ராயப்பராஜ். பொம்மையனின் வக்கீலுக்கு அன்று மதுரையில் வேறு கேஸ். கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்றவரை, வெயிலில் எதற்கு, இப்போதுதான் இறைத்து வைத்தேன் என்று வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார் பொம்மையன். வக்கீல் பீப்பாய்த் தண்ணீரை இரண்டு செம்பு குடித்தார். கண்ணெதிரே பருப்பு அரை மணியில் குழைந்தது. ஊரே வரிசையாக வந்து, எங்க தண்ணி தேன் என்று சத்தியம் செய்து ரேகை வைத்தது. முதல் ரேகை பொம்மையனுடையது.

பொம்மையனுக்கு நிலைகொள்ளவில்லை. ஜட்காவில் ஏறப்போன குமாஸ்தாவை ஓரமாக இழுத்து, இனிமேல் ஷாப்பு வராதுதானே என்று கேட்டார்.

ராயப்பராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க உத்தரவ முழுசாக் கேக்கலையா? பழைய ஷாப்பால கெணறு கெட்டிருந்தாப் புது ஷாப்பு கூடாது, கெடாம இருந்தாத் தாராளமாக் கட்டலாம்னுதான்யா ஜட்ஜு சொன்னாரு."