ஒரு டம்ளர் பழுப்பு

“இது யார் வீட்டுத் தண்ணி?” என்று கத்தினார் கண்ணாடிக்காரர். கத்திய வேகத்தில், உள்ளே பாஸ்போர்ட் படத்துக்காக விறைத்து உட்கார்ந்திருந்த ஒருவர் சரியான நேரத்தில் கண்ணை மூடிவிட்டார். அந்தப் படம் வீண்.

“உங்க வீட்டுத் தண்ணிதான் சார். நீங்க குடுத்த படத்தைத்தான் பிரிண்ட் போட்டேன்” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“நான் குடுத்தது பழுப்புத் தண்ணி. இதைப் பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு. பார்த்தா எனக்கே ஒரு வாய் குடிக்கலாம்னு தோணுது!”

“மெஷின் பண்ற வேலை சார். படம் மஞ்சளடிச்சாலோ மங்கலா இருந்தாலோ அதுவே சரி பண்ணிடும். வர்றவங்க எல்லாரும் அதைத்தான் விரும்பறாங்க.”

“எங்க தெருத் தண்ணியை இத்தனை வருஷமா ஒரு ஆபீசும் சரி பண்ணலை. உங்க மெஷின் ஒரு நிமிஷத்துல பண்ணிடுச்சா? அப்ப அதைக் கழட்டிக் குடுங்க, எங்க குழாயில மாட்டிக்கறேன்!”

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சாதுவான மனிதர். சாதுவான மனிதரையே ஸ்டூடியோ அதிரக் கத்த வைத்தது என்றால் அந்தத் தண்ணீரின் யோக்கியதையைப் புரிந்துகொள்ளலாம். குழாயைத் திறந்தால் துருவும் சேறும் கலந்து ஒரு பழுப்பு வரும். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பழுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. துணிக்கடையில் அவர் நிறம் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தால், “எந்தக் கலரை எடுத்தாலும் கடைசியில ஒரே கலர்தான். எதுக்கு நேரத்தை வீணாக்கறீங்க?” என்பாள் மனைவி.

குடிநீர் அலுவலகத்துக்கு முதலில் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அவர் முறை வருவதற்குள் அழுக்கெல்லாம் அடியில் தங்கி, மேலே தெளிந்துவிட்டது. அவசரமாகக் குலுக்கிக் காட்டினார். “நீங்களே குலுக்கிக் கலக்கிட்டு எங்களைக் குத்தம் சொல்றீங்களே” என்றார் அதிகாரி. கண்ணாடிக்காரர் போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

“போனை எப்படி சார் ஃபைல்ல வெச்சுக் கட்டறது? கலர் பிரிண்டா கொண்டு வாங்க. ஒரே ஒரு தெருவுக்குத்தான் இப்ப புதுக் குழாய் வந்திருக்கு. எந்தத் தெருவுக்குன்னு வெள்ளிக்கிழமை முடிவு பண்றோம். தண்ணி எங்க மோசமோ அங்க.”

அதனால்தான் இந்த ஸ்டூடியோ, இந்தக் கத்தல்.

ஸ்டூடியோக்காரர் மெஷினின் அழகுபடுத்தும் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டார். இப்போது லேசாக ஒரு மஞ்சள் எட்டிப் பார்த்தது.

“இவ்வளவுதானா?”

“மிச்சத்தைக் கேமராவே வெளுத்திருக்கும் சார். அதுவும் ஆட்டோமேட்டிக்தானே.”

வீட்டுக்கு வந்தால் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று அவனுக்கு ஓர் எண்ணம். அதைக் கலைக்க அவன் அக்காவுக்கு மனம் வரவில்லை, அத்தானுக்குத் துணிச்சல் வரவில்லை.

“இதுக்குப் போய் ஏன் அத்தான் கவலைப்படறீங்க? கலரைக் கூட்டிட்டாப் போச்சு. ரெண்டே தட்டு.”

தட்டினான். தண்ணீர் பழுப்பாயிற்று. டம்ளருக்குப் பின்னால் இருந்த சுவரும் பழுப்பாயிற்று. டம்ளரைப் பிடித்திருந்த மனைவியின் கையும் தப்பவில்லை.

“என் கைக்கு மஞ்சக்காமாலையாடா வந்திருக்கு?” என்றாள் அவள்.

“பிரிண்ட்ல சரியாயிடும்க்கா.”

பிரிண்டில் முற்றிவிட்டது. அதிகாரி படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தண்ணி பழுப்பு, சரி. சுவரும் பழுப்பு, கையும் பழுப்பு. கோளாறு குழாயில இல்ல சார். எதுக்கும் நீங்க ஒரு நல்ல இடமாப் பார்த்துக் கண்ணை செக் பண்ணிக்குங்க.”

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணை செக் பண்ணியே பிழைக்கிறவரிடம் சொல்கிற பேச்சா இது! கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. வரிசையில் நின்றவர்கள் வேறு சிரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் அவருடைய வாடிக்கையாளர்.

“தண்ணியை மட்டும் தனியா வெட்டிக் கலர் அடிச்சிருக்கணும் அத்தான். அன்னைக்கே நினைச்சேன்” என்றான் மைத்துனன்.

“நினைச்சவன் அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

மைத்துனன் தண்ணீரை வெட்டினான், நிறம் ஏற்றினான், சேமித்தான். போதவில்லை என்று மறுபடி திறந்தான், மறுபடி ஏற்றினான், மறுபடி சேமித்தான். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும் என்பது அவனுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் சேராத ஒன்று. அசல் படத்தின் மேலேயே இத்தனையும் செய்ததால் திரும்பிப் போகவும் வழியில்லை.

“இது டீ” என்றார் அதிகாரி. “பால் ஊத்தாத டீ. அதுல கட்டம் கட்டமா என்னமோ மிதக்குது. சார், போலி ஆதாரம் கொண்டு வர்றீங்க, தெரியுதா? இன்னொரு தடவை இப்படி வந்தா உங்க தெருவைப் பட்டியல்லேர்ந்தே எடுத்துடுவேன்.”

செய்தி அவருக்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர், “கிடைக்க இருந்த குழாயையும் கெடுத்துட்டீங்களே” என்றார். கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாள், நாற்காலியில் உட்காராமலே, “இங்க வேற யாராவது பார்ப்பாங்களா?” என்று தயக்கத்தோடு கேட்டாள்.

கண்ணாடிக்காரர் வெடித்துவிட்டார். அந்த அம்மாளிடம் இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போய் வெடித்தார்.

“இல்லாத அழகைக் கூட்டிக் காட்ட கேமரா இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, மெஷின் இருக்கு. இருக்கறதை இருக்கற மாதிரி காட்ட ஒண்ணு கூடவா இல்ல? நாங்க குடிக்கிற அழுக்கைக் கூட உள்ளபடி காட்ட முடியலைன்னா எதுக்குய்யா கடை வெச்சிருக்கீங்க?”

ஸ்டூடியோக்காரருக்குச் சுருக்கென்றது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே புறப்பட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறையான வேலை. விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரை மனைவியின் கையில் கொடுத்து நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம். முதலில் அந்தக் காகிதத்தைக் கேமராவுக்குக் காட்டி, ‘இதுதான் வெள்ளை, நீயாக எதையும் வெளுக்காதே’ என்று அதன் வாயை அடைத்தார் ஸ்டூடியோக்காரர். படத்தைச் சுருக்காமல் முழுசாகச் சேமித்தார். டம்ளரோடு எல்லாரும் ஸ்டூடியோவுக்குப் போன பிறகு, அசலைப் பத்திரமாகத் தனியே வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்தார். திரையின் வெளிச்சம் பொய்யாகப் பளபளக்கிறது என்று கண்ணாடிக்காரர் கண்டுபிடித்து அதைக் குறைக்க வைத்தார். வழவழப்புக் காகிதம் வேண்டாம், மங்கல் காகிதம் போதும் என்றார். மெஷின் தன் அழகுபடுத்தும் புத்தியைக் காட்டாமல் இருக்க ஸ்டூடியோக்காரர் பக்கத்திலேயே நின்றார். மைத்துனன் கம்ப்யூட்டர் பக்கம் வராமல் இருக்க அவன் அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

பிரிண்ட் வந்தது. காகிதம் வெள்ளையாக இருந்தது. சுவர் சுவராக இருந்தது. மனைவியின் கை மனைவியின் கையாகவே இருந்தது. படத்தையும் நிஜ டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “வித்தியாசம் சொல்லு பார்க்கலாம்” என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டையும் வாயில வைக்க முடியாது” என்றாள்.

அதற்கு மேல் அவருக்கு எந்தச் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரியின் மேஜை மேல் படத்தை ஓங்கி வைத்தார். அதிகாரி முதலில் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. எழுந்து படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேஜை அம்மாளைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள்.

“காகிதம் சுத்த வெள்ளையா இருக்கு. அப்ப இந்தக் கலரும் நிஜமாத்தான் இருக்கணும்” என்றாள் அவள் மெதுவாக.

படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருவர் தலையை ஆட்டினார். கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை நாள் பட்ட அவமானத்துக்கெல்லாம் பதில் கிடைக்கிற நேரம் இது.

“நல்லாப் பாருங்க சார்! இதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாது. இதைத்தான் நாங்க குடிக்கிறோம், இதுலதான் குளிக்கிறோம். உங்க மனசாட்சி இப்ப என்ன சொல்லுது?”

அதிகாரி எச்சிலை விழுங்கினார். “தினமும் இந்தக் கலர்லதான் வருதா?”

“தினமும்!”

“மழை பெஞ்சாக் கூடவா?”

“மழை பெஞ்சாலும் இதே கண்றாவிதான்!”

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைல்களை எடுத்துப்போக வந்த பியூன் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, கண்ணாடிக்காரர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சார், எங்க பக்கம் வர்ற தண்ணிக்கு இது பன்னீர். உங்க தெருவுல வீடு ஏதாவது வாடகைக்குக் காலியா இருக்கா? ரெண்டு வீடா இருந்தா நல்லது, எங்க சாரும் குடி வந்துடுவாரு.”